ஓஹாயோவிலிருந்து சவானா வரை: முன்னோரின் போர்வாழ்வை நாவலாக்கும்போது எவ்வளவு புனையலாம்?

வெண்முகில் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், பிரிந்துசென்ற தென்மாநிலங்களை எதிர்த்துக் கூட்டரசைக் காத்த வடதரப்பின் சிப்பாயாக இருந்த ஒருவரைப் பற்றித் தமிழில் ஒரு நாவல் எழுதிவருகிறேன். அவர் என் கணவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார். ஓஹாயோவின் வடகிழக்குப் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1862 ஜூலையில் அதிபர் லிங்கன் மேலும் 3,00,000 தன்னார்வலர்கள் தேவையென்று அறிவித்ததையடுத்து, ஆகஸ்டு மாதத்தில் மூன்றாண்டுச் சேவைக்குக் கையெழுத்திட்டிருக்கிறார். உறவினர்கள் பலர் இன்றும் அதே பகுதியில் வாழ்வதால் அவர் சேர்ந்த படைப்பிரிவான ரெஜிமென்டின் எண்ணை இங்கே குறிப்பிடாமல் விடுகிறேன்.

அந்த ரெஜிமென்டின் பாதை ஏறத்தாழத் தெளிவாக இருக்கிறது. சேர்ந்து இரண்டு மாதம் முடிவதற்குள், 1862 அக்டோபர் 8 அன்று கென்டக்கியின் பெரிவில்லில் முதற்போர், 1863 செப்டம்பரில் சிக்கமாகா, நவம்பரில் மிஷனரி ரிட்ஜ், 1864 கோடை முழுவதும் அட்லாண்டாவுக்கான போர்கள், பிறகு வடதரப்பு ஜெனரல் ஷெர்மனுடன் ஜார்ஜியாவில் அட்லாண்டாவிலிருந்து சவானா நகரம் வரை நடை, 1865 மார்ச்சில் வட கரோலினாவின் பென்டன்வில், மே 24 அன்று வாஷிங்டனில் நடந்த பெரும் அணிவகுப்பு, ஜூனில் விடுவிப்பு. சிக்கமாகா முதல் இறுதிவரை 14ஆவது கோரில் (பல ரெஜிமென்டுகள் அடங்கிய பெரும் படைப்பிரிவு) இருந்திருக்கிறார்கள்.

அவரைப் பற்றிக் கையில் இருப்பவை சேவைப் பதிவு அட்டைகளின் நகல்கள், தகரத் தகட்டில் எடுத்த ஒரு புகைப்படம், தாய்க்கு எழுதிய சில கடிதங்கள் ஆகியவை மட்டுமே. இவற்றுக்கு மேல் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் சில செய்திகள் உண்டு. சிக்கமாகாவில் ரெஜிமென்டின் கொடியை ஏந்தியவர் அவர்தான் என்பது ஒன்று. படத்தில் துப்பாக்கியை இடப்புறமாக வைத்திருப்பதால் அவர் இடக்கைக்காரர் என்பது மற்றொன்று.

என்னைப் பல மாதங்களாக நிறுத்திவைத்திருப்பது எபனீசர் ஓடை நிகழ்ச்சி. அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷெர்மனின் படை ஜார்ஜியாவின் ஊடாக நடந்தபோது, தோட்டங்களில் அடிமைகளாக இருந்த ஆயிரக்கணக்கானோர் விடுதலையைத் தேடிப் படையின் பின்னால் நடந்து வந்தனர். 1864 டிசம்பர் 9 அன்று, சவானாவுக்கு வடக்கே நீர் பெருகியிருந்த எபனீசர் ஓடையை 14ஆவது கோர் மிதவைப் பாலத்தின் மீது கடந்தது. தளபதி ஜெஃபர்சன் சி. டேவிஸின் கட்டளைப்படி, படையினர் கடந்து முடிந்ததும், பின்தொடர்ந்து வந்த மக்கள் ஏறுவதற்கு முன்பே பாலம் அகற்றப்பட்டது. (தென்தரப்பின் தலைவராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸ் வேறு, இவர் வடதரப்புத் தளபதி.) பின்னால் தென்தரப்பின் குதிரைப்படை நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் குளிர்ந்த நீரில் இறங்கினர். பலர் மூழ்கினர்; கரையிலேயே நின்றுவிட்டவர்களில் பலர் பிடிபட்டு மீண்டும் அடிமைகளாக்கப்பட்டனர். எத்தனை பேர் இறந்தனர் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை.

என் மூதாதையின் அட்டையில் 1864 நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு எதிரே ‘வருகை’ என்று மட்டும் இருக்கிறது. டிசம்பர் பிற்பகுதியில் சவானாவிலிருந்து அவர் எழுதிய கடிதம் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பற்றியும், உமி நீக்கிச் சமைத்த அரிசியைப் பற்றியும், தேய்ந்துபோன காலணிகளைப் பற்றியும் பேசுகிறது. ஓடையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அன்று சில சிப்பாய்கள் கரையிலிருந்து மரக்கட்டைகளை நீரில் தள்ளி மக்களைக் காப்பாற்ற முயன்றனர் என்பதற்குச் சான்று உண்டு. அவர்களில் ஒருவராக அவரையும் நிறுத்தும்படி குடும்பத்தார் அன்புடன் வற்புறுத்துகிறார்கள். ஆவணம் மறுக்காத ஒன்றைப் புனைவு சொல்லலாம் என்பதே அவர்களுடைய வாதம். அதை ஏற்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. பதிவுகள் மௌனமாக இருக்கும் இடத்தில் புனைவெழுத்தாளருக்கு எவ்வளவு உரிமை உண்டு? அவருடைய உண்மைப் பெயரையே நாவலிலும் வைக்கலாமா?

பழம்பதிவு:

வணக்கம் சகோதரி. உரிமையைப் பற்றிய கேள்விக்குப் போகுமுன், உங்கள் கையிலிருக்கும் ஆவணங்கள் உண்மையில் எவற்றைச் சொல்கின்றன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மௌனம் என்று நீங்கள் கருதும் இடங்கள் சில வேறு பதிவேடுகளில் பேசக்கூடும்.

சேவைப் பதிவு அட்டைகள் போர்க்காலத்தில் எழுதப்பட்டவை அல்ல. போர் முடிந்து ஒரு தலைமுறைக்குப் பின், ஓய்வூதிய மனுக்கள் குவிந்த காலத்தில், போர்த்துறை எழுத்தர்கள் பழைய வருகைப் பட்டியல்களைப் பார்த்து ஒவ்வொரு சிப்பாய்க்கும் தனித்தனியாகப் பெயர்த்தெழுதிய சுருக்கங்கள் அவை. மூலப் பட்டியல்கள் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை, மாதத்தின் கடைசி நாளில், சம்பளக் கணக்குக்காக எடுக்கப்பட்டவை. ஆகவே நவம்பர், டிசம்பருக்கான ‘வருகை’ என்பது 1864 டிசம்பர் 31 அன்று, அதாவது சவானா நகரம் வீழ்ந்து பத்து நாள் ஆன பிறகு, அவர் தம் கம்பெனியோடு (ரெஜிமென்டின் உட்பிரிவு) இருந்தார் என்பதை மட்டுமே காட்டுகிறது. டிசம்பர் 9 அன்று அவர் எங்கே இருந்தார் என்பதற்கு அது சான்றாகாது. உணவு திரட்டச் சென்ற குழுவில் இருந்திருக்கலாம். நோயுற்று வண்டியில் படுத்திருக்கலாம். பாலத்தை முன்னரே கடந்து பல மைல் முன்னால் போயிருக்கலாம்.

கொடியைப் பற்றிய குடும்பச் செய்தியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ரெஜிமென்டின் கொடியை ஏந்துபவர் வழக்கமாக ஒரு சார்ஜென்ட். அவரைச் சுற்றி நிற்கும் கொடிக்காவலர்கள் கார்ப்பரல்கள். அட்டைகளில் உங்கள் மூதாதை இறுதிவரை சாதாரணச் சிப்பாயாகவே குறிக்கப்பட்டிருந்தால், கொடி அவருடைய பொறுப்பில் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஏந்தியவர் வீழ்ந்தபோது பக்கத்தில் நின்றவர் எடுத்துத் தூக்கினார் என்பது நடக்கக்கூடியது. பல போர்களில் நடந்ததும்கூட. ஆனால் அத்தகைய செயலை ரெஜிமென்டின் தளபதி பெரும்பாலும் தம் போர் அறிக்கையில் குறிப்பிட்டிருப்பார். இருதரப்பு அறிக்கைகளும் கடிதப் போக்குவரத்தும் 1880 முதல் 1901 வரை அரசால் 128 நூல்களாக அச்சிடப்பட்டுள்ளன. இன்று இணையத்திலேயே படிக்கலாம். சவானாப் பயணத்துக்கு உரியது முதல் வரிசையின் 44ஆம் தொகுதி.

இடக்கைச் செய்தியை விட்டுவிடுங்கள். தகரத் தகட்டுப் படத்துக்கு எதிர்மறைப் படலம் கிடையாது. ஒளி நேரடியாகத் தகட்டில் பதிவதால் உருவம் கண்ணாடியில் தெரிவதைப் போல இடவலம் மாறித்தான் வரும். சட்டைப் பித்தான்கள் எந்தப் பக்கம் மூடுகின்றன என்று பாருங்கள், உடனே விளங்கும்.

இவை எல்லாவற்றையும்விட உங்கள் நாவலுக்குத் தேவையானது ஓய்வூதியக் கோப்பு. 1862ஆம் ஆண்டுச் சட்டம் போரில் உடல்நலம் கெட்டவர்களுக்கும், இறந்தவர்களின் மனைவியருக்கும் ஓய்வூதியம் அளித்தது. 1890ஆம் ஆண்டுச் சட்டமோ, குறைந்தது 90 நாள் பணியாற்றி முறையாக விடுவிக்கப்பட்டு, உடலுழைப்புக்கு இயலாதவராகிவிட்ட எவருக்கும், இயலாமைக்குக் காரணம் போர் அல்ல என்றாலும், அதை விரிவாக்கியது. இதனால் நெடுநாள் வாழ்ந்த சிப்பாய்களில் பெரும்பாலோருக்குக் கோப்பு உண்டு. உடன் படுத்துறங்கிய தோழர்கள், அண்டை வீட்டார், மருத்துவர், பின்னர் கைம்பெண்ணான மனைவி ஆகியோர் உறுதிமொழியுடன் அளித்த வாக்குமூலங்கள் அதில் இருக்கும். எந்த முகாமில் வயிற்றுப்போக்கு தொடங்கியது, எந்தக் காலில் வலி தங்கிவிட்டது என்பவற்றை அந்த மனிதர்கள் தங்கள் சொற்களிலேயே சொல்லியிருப்பார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் 85ஆம் எண் படிவத்தின் மூலம் நகல் கேட்கலாம். அது கைக்கு வரும்வரை எபனீசர் அத்தியாயத்தை எழுத வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

நெடுவழி:

முந்தைய பதிலில் உள்ள ஆவணச் செய்திகளை மறுக்கவில்லை. ஆனால் கோப்பு வரும்வரை காத்திருங்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கோப்பு வந்தாலும் அது ஓடையைப் பற்றிப் பேசப்போவதில்லை. ஓய்வூதிய அலுவலகம் கேட்டது நோயையும் காயத்தையும் திருமணத்தையும் பற்றித்தான். நாவலாசிரியருக்கு உரிய இடம் அதற்கு அப்பால் இருக்கிறது.

என் கருத்தில், நீங்கள் அவரை ஓடைக்கரையில் நிறுத்தலாம். நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் ஒரு சிப்பாயின் கண்ணுக்கு எட்டியதை மட்டுமே அவர் காணட்டும். உள்நாட்டுப் போரைப் பற்றிய புனைவுகளில் என்னைத் தொந்தரவு செய்யும் குறை ஒன்று உண்டு: சாதாரணச் சிப்பாய் போர்க்களம் முழுவதையும் வரைபடத்தில் பார்ப்பதுபோல அறிந்திருப்பார், தளபதிகளின் திட்டம் அவருக்குத் தெரிந்திருக்கும், மறுநாள் செய்தித்தாளில் வரப்போவதைப் போர்முனையிலேயே பேசுவார். கருமருந்தின் புகை அடர்ந்த களத்தில் பத்தடிக்கு அப்பால் என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரிந்திருக்காது. பெரிவில்லில் அவர் நினைவில் முதலில் நின்றிருப்பது தண்ணீராகத்தான் இருக்கும். அந்த ஆண்டுக் கடும் வறட்சியில் ஓடைப் படுகைகளில் தேங்கியிருந்த குட்டைகளைத் தேடியே இரு படைகளும் அந்த ஊரின் அருகே மோதிக்கொள்ள நேர்ந்தது. சேர்ந்து சில வாரங்களே ஆன, துப்பாக்கிப் பயிற்சி சரியாக முடியாத ஓர் இளைஞனுக்குப் போர் என்பது முதலில் தாகமாகவும் பிறகு காது செவிடுபடும் ஓசையாகவும் வந்திருக்கும்.

துப்பாக்கியைப் பற்றியும் ஒரு சொல். அவர் வைத்திருந்தது பெரும்பாலும் ஸ்பிரிங்ஃபீல்டு அல்லது இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான 1853 மாதிரி என்ஃபீல்டாக இருந்திருக்கும். காகிதத் தோட்டாவின் முனையைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டை வைத்து, கோலால் இடித்து இறக்கி, தீப்பொறி தரும் ‘கேப்’ என்ற சிறு உலோக மூடியைப் பொருத்திச் சுட வேண்டும். தேர்ந்தவர் ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுடலாம். மேலும் கீழுமாகப் பொருந்தும் முன்பற்கள் இல்லாதவர்களைப் படையில் சேர்க்க மறுத்ததற்கு இந்தக் கிழிக்கும் வேலைதான் காரணம். 1857இல் இந்தியச் சிப்பாய்கள் வாயால் கிழிக்க மறுத்த தோட்டா இதே என்ஃபீல்டுக்கு உரியது என்பதைத் தமிழ் வாசகர்கள் தாமாகவே நினைத்துக்கொள்வார்கள். நீங்கள் சொல்லவே தேவையில்லை. போர் முடியும் நேரத்தில் அவருடைய உதடுகளும் பற்களும் கறுத்திருக்கும், நாவில் உப்புக் கரிப்பு இருக்கும். இந்த அளவில் நின்று எழுதினால் போதும்.

மற்றொன்று மிக முக்கியம். அவர் கையெழுத்திட்டது 1862 ஆகஸ்டில். அடிமைகளின் விடுதலையை அறிவிக்கும் பிரகடனத்தின் முன்னறிவிப்பை லிங்கன் வெளியிட்டதே செப்டம்பர் 22 அன்றுதான்; அது நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1 அன்று. ஆகவே அடிமைமுறையை ஒழிக்கவே அவர் படையில் சேர்ந்தார் என்று எழுதுவதாயின், வீட்டுப் பின்னணியிலோ கடிதங்களிலோ அதற்கு ஏதேனும் அடிப்படை வேண்டும். வடகிழக்கு ஓஹாயோவில் அடிமைமுறை எதிர்ப்பு வலுவாக இருந்தது உண்மை. ஆனாலும் ஊரின் கருத்தை ஒரு மனிதரின் மேல் அப்படியே ஏற்றிவிட முடியாது. கூட்டரசைக் காக்க வந்தவர்கள், ஊரார் முன் தலைகுனிய விரும்பாமல் வந்தவர்கள், மாதம் 13 டாலருக்கும் ஊக்கத்தொகைக்கும் வந்தவர்கள் என்று எல்லோரும் ஒரே கம்பெனியில் இருந்தனர். போகப் போக மனம் மாறியவர்களும் உண்டு. அந்த மாற்றம்தான் உங்கள் நாவலின் உயிராக இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓடையில் பாலம் அகற்றப்படுவதை அவர் பார்க்கிறார், எதையும் செய்யவில்லை, தாய்க்கு எழுதும்போது அரிசியைப் பற்றி எழுதுகிறார். எவரும் அவருடைய கடிதத்தைத் தணிக்கை செய்யவில்லை. எழுதாமல் விட்டது அவருடைய முடிவு. இதைவிட வலுவான ஓர் அத்தியாயத்தை எவராலும் உங்களுக்குத் தர இயலாது.

ஏட்டுப்பிரதி:

அன்புள்ள வெண்முகில் அம்மா அவர்களுக்கு, இந்தத் திரியில் இதுவரை எழுதியவர்களின் கண் முழுவதும் அந்தச் சிப்பாயின் மீதே நிற்கிறது. அவர் கட்டையைத் தள்ளினாரா, பார்த்துக்கொண்டு நின்றாரா, மௌனமானாரா என்பவையே கேள்விகளாக இருக்கின்றன. நூற்றுக்கணக்கான மனிதர்கள் உயிரையும் விடுதலையையும் இழந்த ஒரு நிகழ்ச்சி, ஓஹாயோ இளைஞன் ஒருவனின் மனம் முதிர்வதற்கான நிலைக்களமாக மட்டும் ஆகிவிடக்கூடாது. நெடுவழி அவர்கள் முன்மொழியும் அத்தியாயம் கலைநயம் மிக்கதாக அமையலாம். ஆனால் அதிலும் நீரில் இறங்கிய பெண்ணுக்குப் பெயர் இருக்காது, குரல் இருக்காது. குடும்பத்தார் கேட்கும் வீரக் காட்சியிலும் அப்படித்தான். இரண்டிலும் அந்த மக்கள் அவருடைய கதைக்குப் பயன்படுகிறார்கள்.

நான் உங்களை வேறொரு இடத்துக்கு அழைக்க விரும்புகிறேன். உங்களிடம் உள்ள சவானாக் கடிதத்தில் ஓடையைப் பற்றி ஒன்றும் இல்லையென்று வருந்துகிறீர்கள். ஆனால் அதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அரிசியும் இருக்கின்றன. அவை யாருடையவை?

ஷெர்மன் 1864 நவம்பர் 9 அன்று பிறப்பித்த 120ஆம் எண் சிறப்புக் களக் கட்டளை, வழியில் உள்ள நாட்டிலிருந்து தாராளமாக உணவு திரட்டப் படைக்கு அனுமதி அளித்தது. சிப்பாய்கள் குடியிருப்புகளுக்குள் நுழையக் கூடாது என்றும், செல்வரையும் ஏழையையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும் என்றும் அதே கட்டளை கூறியது. நடைமுறை வேறாக இருந்தது. சுமார் 62,000 பேர் கொண்ட படை கடந்துசென்ற பாதையில் அடிமைகளின் குடிசைகளும் இருந்தன. ஜார்ஜியாவின் கடலோர அரிசித் தோட்டங்களில் வேலை அளவிட்டுக் கொடுக்கப்பட்டது. அன்றைய அளவை முடித்தவர் மிச்ச நேரத்தில் தமக்கென்று பயிரிடவும், பன்றியும் கோழியும் வளர்க்கவும் முடிந்தது. சட்டத்தின் கண்ணில் தாமே பிறருடைய உடைமையாக இருந்த மனிதர்கள், பல ஆண்டு உழைப்பில் ஒரு மாட்டையோ வண்டியையோ சில மூட்டை அரிசியையோ சேர்த்து வைத்திருந்தனர். விடுதலையைக் கொண்டுவந்த படையே அவற்றை எடுத்துச் சென்றது.

இது ஊகமன்று. வடதரப்புக்கு விசுவாசமாக இருந்த தென்மாநிலத்தவரிடமிருந்து படை எடுத்துக்கொண்ட பொருள்களுக்கு இழப்பீடு வழங்க 1871இல் நாடாளுமன்றம் ஓர் ஆணையத்தை அமைத்தது. 1880 வரை செயல்பட்ட அந்தத் தென்மாநில உரிமைக்கோரல் ஆணையத்துக்கு 22,000-க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. சவானாவுக்குத் தெற்கே உள்ள லிபர்ட்டி கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), முன்பு அடிமைகளாக இருந்த ஆண்களும் பெண்களும் அளித்த வாக்குமூலங்கள் அவற்றில் உள்ளன. தம்மிடம் எவை எவை இருந்தன, அவற்றை எப்படிச் சம்பாதித்தார்கள், சிப்பாய்கள் வந்த நாளில் எவற்றைத் தூக்கிச் சென்றார்கள் என்பதை அவர்களே சொல்கிறார்கள்; எழுத்தர் எழுதிக்கொள்கிறார். உங்கள் மூதாதையின் ரெஜிமென்டு கடந்த கவுண்டிகள் எவை என்று கண்டறிந்து, அந்தக் கவுண்டிகளின் மனுக்களைப் படியுங்கள். அப்போது உங்கள் நாவலில் இரண்டாவது ஒரு குரல் தானாக எழும். அது நீங்கள் இரக்கப்பட்டு உண்டாக்கிய குரலாக இருக்காது.

அந்தக் கடிதத்தின் அரிசியை ஒரு குடிசையிலிருந்து தொடங்குங்கள். அதை விதைத்தவர், அறுத்தவர், ஒளித்துவைத்தவர், இழந்தவர் என்று வாருங்கள். சிப்பாய் கடைசியாக வரட்டும். அவர் கொடியவராக இருக்க வேண்டியதில்லை. பசித்திருந்தார், சவானாவின் வாயிலில் படைக்கான உணவு வழங்கல் குறைந்திருந்தது, கையில் கிடைத்ததை உண்டார், தாய்க்கு எழுதினார். இத்தனையும் ஆவணத்துக்கு உட்பட்டது. இங்கே நீங்கள் புனைய வேண்டியது ஒரே ஒரு சந்திப்பை. ஓடைக்கரையில் அவரை நிறுத்த வேண்டிய கட்டாயமே இல்லை.

எபனீசர் நிகழ்ச்சியை முற்றிலும் தவிர்க்கச் சொல்வதாக எண்ண வேண்டாம். அதன் தொடர்ச்சியை மறந்துவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். 14ஆவது கோரிலேயே பணியாற்றிய மேஜர் ஜேம்ஸ் கானலி என்ற இல்லினாய்ஸ் அதிகாரி இந்தச் செயலைக் கண்டு கொதித்து எழுதிய கடிதம் செய்தித்தாளுக்குப் போய்ச் சேர்ந்தது. வாஷிங்டனில் எழுந்த கண்டனத்தின் பின்னணியில் போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டன் சவானாவுக்கே வந்தார். 1865 ஜனவரி 12 மாலையில் அவரும் ஷெர்மனும் கறுப்பின மதத் தலைவர்கள் 20 பேரைச் சந்தித்தனர். அவர்கள் சார்பில் பேசிய காரிசன் ஃப்ரேசியர் 67 வயதான பாப்டிஸ்டு போதகர். 1857இல் 1,000 டாலர் கொடுத்துத் தம்மையும் தம் மனைவியையும் மீட்டுக்கொண்டவர். தங்களுக்கு நிலம் வேண்டும், அதைத் தங்கள் உழைப்பாலேயே உழுது வாழ முடியும் என்று அவர் தெளிவாகச் சொன்னார். ஷெர்மனைப் பற்றிக் கேட்டபோது மரியாதையுடனேயே பதிலளித்தார் என்பதும் பதிவாகியிருக்கிறது. நான்கு நாள் கழித்து வெளியான 15ஆம் எண் சிறப்புக் களக் கட்டளை, கடலோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல் பகிர்ந்தளிக்க வழிசெய்தது. அந்த ஆண்டே அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தின் பெரும்பகுதியைப் பழைய உரிமையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். உங்கள் மூதாதையின் படை சவானாவில் தங்கியிருந்த அதே வாரங்களில், சில தெருக்களுக்கு அப்பால் நடந்த பேச்சு அது. அவர் அதை அறிந்திருக்க மாட்டார். வாசகர் அறியட்டும்.

பெயரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாற்றிவிடுங்கள். ரெஜிமென்டும் நாள்களும் போர்க்களங்களும் உண்மையானவையாக இருக்கட்டும். மனிதரின் பெயர் மட்டும் புனைவாகட்டும். உண்மைப் பெயரை வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வரியிலும் குடும்பத்தார் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பார்கள். நீங்களும் அவர்களுக்காக எழுதத் தொடங்கிவிடுவீர்கள்.

வெண்முகில்:

மூவருக்கும் என் நன்றி. ஏட்டுப்பிரதி அம்மா, அரிசி யாருடையது என்ற கேள்வியைப் படித்த பிறகு கடிதத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். ‘மரத்தில் குடைந்த உரலில் நாங்களே குத்தினோம்’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த உரல் ஒரு சமையற்கூடத்திலோ குடிசை வாசலிலோ இருந்திருக்கும். அதைச் சிப்பாய்கள் முதுகில் சுமந்து வந்திருக்க மாட்டார்கள். மனுக்களைத் தேடத் தொடங்கிவிட்டேன்.

ஆனாலும் ஓர் இடத்தில் உங்கள் கருத்தோடு முழுமையாக உடன்பட முடியவில்லை. ஓடைக்கரையிலிருந்து அவரை முற்றிலும் விலக்கினால், அவரை அந்தப் பொறுப்பிலிருந்தே விலக்கியதாக ஆகிவிடாதா என்று அஞ்சுகிறேன். அவர் பாலத்தை அகற்றவில்லை. ஆனால் அவரை ஏற்றிச் சென்ற பாலம் அது. இந்த உண்மைக்கு நாவலில் ஓர் இடம் வேண்டும் என்று நினைக்கிறேன். கட்டையைத் தள்ளும் காட்சியை எழுதுவதில்லை என்று குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டேன். என் மாமனார் சற்று வருத்தப்பட்டார்; பிறகு, கொடியைப் பற்றிய செய்தி அட்டைகளில் இருக்கிறதா என்று அவரே கேட்டார். அவர் இறுதிவரை சாதாரணச் சிப்பாய்தான் என்பதைக் காட்டினேன். பெயரையும் மாற்றப்போகிறேன்.

நெடுவழி ஐயா, தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே பெரிவில் அத்தியாயத்தின் அடிப்படையாக எடுத்துக்கொள்கிறேன். பழம்பதிவு ஐயாவிடம் ஒரு விளக்கம் வேண்டும்: டிசம்பர் 9 அன்று ஒவ்வொரு ரெஜிமென்டும் ஓடையைக் கடந்த வரிசையை அறிய வழியுண்டா?

பழம்பதிவு:

ரெஜிமென்டு அளவில் எப்போதும் கிடைக்குமென்று எதிர்பார்க்க வேண்டாம். பல ரெஜிமென்டுகள் சேர்ந்த பிரிகேடு அளவில் பெரும்பாலும் கிடைக்கும். 44ஆம் தொகுதியில் 14ஆவது கோரின் டிவிஷன் (பல பிரிகேடுகள் சேர்ந்தது), பிரிகேடு தளபதிகளின் அறிக்கைகளை வரிசையாகப் படியுங்கள். அன்றன்று எத்தனை மணிக்குப் புறப்பட்டார்கள், எந்த ஓடையைக் கடந்தார்கள், எங்கே முகாமிட்டார்கள், எந்தப் பிரிகேடு பின்காவலாக வந்தது என்பவற்றைப் பலர் நாள்வாரியாகக் குறித்திருக்கிறார்கள். பின்காவலில் இருந்த ரெஜிமென்டுகளுக்கே பாலம் அகற்றப்படுவதைப் பார்க்கும் வாய்ப்பு மிகுதி. முன்வரிசையில் சென்றவர்களுக்கு அன்றிரவோ மறுநாளோ முகாம் பேச்சாகத்தான் செய்தி வந்து சேர்ந்திருக்கும். உங்கள் மூதாதை இந்த இரண்டாவது வகையில் இருந்தால், நீங்கள் சொன்ன பொறுப்பை எழுதுவதற்கு அதுவே பொருத்தமான இடமாகவும் அமையலாம்: கடந்த பிறகு கேள்விப்படுகிறார், திரும்பிச் செல்ல வழியில்லை.

அறிக்கைகளில் வரும் நேரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது எச்சரிக்கை தேவை. அமெரிக்க ரயில்வேக்கள் பொதுநேரத்தை ஏற்றதே 1883இல்தான். அதுவரை ஒவ்வோர் அதிகாரியின் கடிகாரமும் அவரவர் கணக்கில் ஓடியது. ஒரே நிகழ்ச்சிக்கு அரைமணி, ஒருமணி வேறுபாடு இருப்பது இயல்பு. நேரத்தைவிட வரிசையை நம்புங்கள்.

ரெஜிமென்டின் காலை அறிக்கைப் புத்தகமும் கம்பெனி விவரப் புத்தகமும் எஞ்சியிருந்தால் அவை வாஷிங்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். அன்றைய நாளில் உடன் இருந்தவர்கள், நோயுற்றவர்கள், வேறு பணிக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆகியோரின் எண்ணிக்கை முன்னதில் இருக்கும். உயரம், கண்ணின் நிறம், பிறந்த ஊர், தொழில் ஆகியவை பின்னதில் இருக்கும். 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி அழிந்துவிட்டாலும், அதனுடன் எடுக்கப்பட்ட முன்னாள் படைவீரர்கள், கைம்பெண்களுக்கான சிறப்புப் பட்டியல் ஓஹாயோவுக்கு எஞ்சியிருக்கிறது. போரில் ஏற்பட்ட உடற்குறை என்னவென்று எழுதுவதற்கு அதில் தனிப் பத்தி உண்டு. ஓய்வூதியக் கோப்பு வர நாளாகும். இந்தப் பட்டியலை இன்றே இணையத்தில் தேடிப் பார்க்கலாம்.